கடைசிக் குடம்

வியாசர்பாடி
27.3.2004, சனி இரவு

அண்ணா,

அப்பா இப்போதுதான் தூங்கினார். அம்மா தூங்குகிறாளா என்று தெரியவில்லை, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். யாராவது எழுந்தால் நோட்டைத் திருப்பிவிடுவேன், முன்பக்கம் வட்டங்களும் தொடுகோடுகளும் இருக்கின்றன. திங்கட்கிழமை பரீட்சைக்கு வரும்போது என் கிளாஸ் மோகனப்ரியா இதை வாங்கித் தபாலில் போட்டுவிடுவாள், பதிலை அவள் காசிமேட்டு வீட்டு விலாசத்துக்கே எழுது. விஜயவாடா பெரிய போஸ்ட் ஆபீஸில் போய் உன் பெயரைச் சொல்லிக் கேள். கொடுப்பார்களா? ரேஷன் கார்டு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டாய் அல்லவா?

நேற்று விடியற்காலையில் நீ சைக்கிளைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது இரண்டாம் மாடித் திருப்பத்தில் பெடல் சுவரில் இடித்தது. அப்பா எழுந்ததும் சைக்கிள் நிற்கும் இடத்தைத்தான் முதலில் பார்த்தார். ஒன்றாம் தேதி உன்னை எண்ணூர் கம்பெனியில் சேர்க்கச் சொல்லி மூன்று மாதம் பரசுராமன் மேஸ்திரி பின்னால் நடந்தவர் அவர்.

"நாக்பூருக்கு ரயிலு இல்லியா? சைக்கிள்ல போய் இன்னாத்த காட்டப் போறான்? பாபாசாகேப் பொறந்த நாளுக்கு இங்க சிலை இல்ல, மாலை இல்ல?" என்று கத்தினார். அப்புறம் குரல் இறங்கிவிட்டது. "இனிமே அவன் பேரு இந்த வூட்ல கேக்கக் கூடாது. எவனாவது லெட்டரு கிட்டரு எழுதனீங்கன்னு தெரிஞ்சுது…"

அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. முடித்திருந்தால் இவ்வளவு பயம் இருக்காது.

நான்தான் கணக்குப் போட்டுக் கொடுத்தேன் என்று அவருக்குத் தெரியாது. அந்தக் கணக்கு ஐந்து பேருக்குப் போட்டது, அண்ணா. உன்னோடு வருவதாக இருந்த நிலவன் அண்ணனும் மற்ற மூன்று பேரும் கடைசி வாரத்தில் வரவில்லை என்றதும் நீயும் நின்றுவிடுவாய் என்று நினைத்தேன். இன்று மறுபடி பள்ளிக்கூட அட்லஸில் கறுப்பு நூலை வைத்து, சாலை வளைகிற இடமெல்லாம் நூலையும் வளைத்து, ஸ்கேலில் அளந்தேன். ஆயிரத்து இருநூறு வருகிறது. ஒரு நாளைக்கு எண்பது, நடுவில் நாலு நாள் ஓய்வு என்றால் பதிமூன்றாம் தேதி போய்ச் சேர்ந்துவிடலாம். காலை ஐந்து மணிக்குக் கிளம்பி பத்து மணிக்கு நிறுத்து. நாலு மணி வரை நிழலை விட்டு வெளியே வராதே.

பொரிகடலையும் வெல்லமும் இடித்த உருண்டை நாற்பது இருக்கிறது, ஒரு நாளைக்கு இரண்டுக்கு மேல் தின்னாதே. வழியில் இட்லி கிடைக்கும் வரைக்கும் இட்லியே சாப்பிடு. சர்க்கரையும் உப்பும் கலந்து மடித்த பொட்டலம் ஒன்றை ஒரு லிட்டரில் கொட்டிக் குலுக்கிக்கொள். ஊருக்கு ஊர் கேனை நிரப்பு. கேன் தீர்ந்தால் இரண்டு பாட்டிலில் ஒன்றை எடு. இன்னொன்றைத் தொடாதே. அடுத்த தண்ணீரைக் கண்ணால் பார்க்கும் வரை தொடாதே. நம் வீட்டுக் கடைசிக் குடம் மாதிரி என்று வைத்துக்கொள். தண்ணீர் லாரி ஹாரன் கேட்ட பிறகுதானே அம்மா அதன் மூடியை எடுப்பாள். போன வருஷம் நீ ஒரு சொம்பு மொண்டதற்கு அப்பா அடித்தாரே, அந்த அடியை நினைத்துக்கொள்.

அப்பா புரள்கிறார்.

யசோதரா


விஜயவாடா
1.4.2004

யசோ,

கொடுத்தார்கள். போஸ்ட் ஆபீஸ் ஜன்னலில் இருந்த பெண்மணி ரேஷன் கார்டு ஜெராக்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் முகத்தில் கார்டில் இருக்கிற படத்துக்கு ஒத்துப்போக எதுவும் இல்லை. ஆறு நாளில் நான் கரிப்பானை அடி மாதிரி ஆகிவிட்டேன். கடைசியில் உன் கையெழுத்தைப் பார்த்து இளகிவிட்டார் என்று நினைக்கிறேன். இவ்வளவு அழகாக எழுதுகிறவள் அனுப்பியதைப் பறிக்க யாருக்கு மனசு வரும்.

நெல்லூர் வரை சுகம். காவலிக்கு முன்னால் ஒரு முட்டாள்தனம் செய்தேன். மோகனாவின் அம்மா நீலாக்கா கிளம்புவதற்கு முதல் நாள் காசிமேட்டிலிருந்து ஒரு பை நெத்திலிக் கருவாடு கொடுத்தனுப்பினார்களே, "வழில வாய்க்கு ருசியா துன்னுகினு போ நைனா" என்று. மத்தியானம் அவலோடு அதைக் கடித்தேன். ருசிதான். அரை மணி நேரத்தில் நாக்கு தோல்செருப்பு ஆகிவிட்டது. கேன் முழுக்க அன்றே தீர்ந்தது. மீதியை ஒரு டீக்கடைப் பூனைக்குக் கொடுத்தேன். பூனையும் தண்ணீர் தேடிப் போனது. நீலாக்காவிடம் சொல்லாதே.

உன் சட்டத்தை மீறவில்லை. கேன் இரண்டு முறை காலி. முதல் பாட்டிலும் காலி. கடைசி பாட்டிலின் மூடி சென்னையில் மூடினதுதான், இன்னும் திறக்கவில்லை. அதில் இருப்பது நம்ம வூட்டுத் தண்ணீர், யசோ. ஈரச் சாக்கைச் சுற்றிக் கட்டி வைத்திருக்கிறேன். அதைக் கேரியரில் பார்க்கும்போதெல்லாம் ஒரு தைரியம்.

எழுதக் கூடாத ஒன்றையும் எழுதுகிறேன், கணக்குப் போட்டவள் நீ என்பதால். இரண்டு நாளாக மூத்திரம் டிக்காஷன் நிறத்தில் போகிறது. சாயங்காலம் தலை இடிக்கிறது. வெயில்தான், வேறொன்றுமில்லை.

இன்று ஒன்றாம் தேதி. எண்ணூரில் அந்த கேட்டுக்கு முன்னால் அப்பா நின்றிருப்பாரா? எனக்குப் பதிலாக மேஸ்திரியிடம் என்ன சொல்லியிருப்பார்? வேலை வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. பதினாலாம் தேதிக்கு அப்புறம் சேர்கிறேன் என்றுதான் சொன்னேன். அவர் காதில் முதல் பாதி மட்டும்தான் விழுந்தது.

அடுத்த கடிதத்தை நிர்மல் போஸ்ட் ஆபீஸுக்குப் போடு. ஒன்பதாம் தேதி அங்கே இருப்பேன். அங்கிருந்து ஆதிலாபாத் வரை மலை, காடு, ஊர் குறைவு என்கிறார்கள். அந்த எண்பது கிலோமீட்டருக்கு மட்டும் தனியாக ஒரு கணக்குப் போட்டு அனுப்பு. பரீட்சையைக் கோட்டை விடாதே.

அறிவு


வியாசர்பாடி
5.4.2004, திங்கள் இரவு

அண்ணா,

உன் கடிதம் இன்று மோகனாவின் ஜாமெட்ரி பாக்ஸுக்குள் மடித்து வந்தது. பரீட்சை ஹாலுக்குள் போகும் முன் படித்தேன். படித்திருக்கக் கூடாது.

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், அப்பா எழுந்து விளக்கை அணைத்தாலும் அணைப்பார். கடைசி பாட்டிலைக் குடி. நான் சொன்னது தப்பு. மூடியைத் திற. தாகம் எடுப்பதற்கு முன்னாலேயே குடி. கேன், பாட்டில் எல்லாவற்றையும் குடி.

சனிக்கிழமை அம்மா தண்ணீர் வரிசையில் விழுந்துவிட்டாள். லாரி பதினோரு மணிக்கு என்றார்கள், ஒன்றரைக்குத்தான் வந்தது. அம்மா நாலு குடம் பிடித்து முடித்து, நாலாவது குடத்தின் மேல் கை வைத்தபடியே கீழே உட்கார்ந்து அப்படியே சாய்ந்துவிட்டாள். நான் மாடியிலிருந்து ஓடினேன். கீழ்வீட்டு சீனியம்மாள் அக்கா அந்தக் குடத்திலிருந்தே ஒரு டம்ளர் மொண்டு வாயில் வைத்தார்கள். அண்ணா, அம்மா கையால் தள்ளினாள். கண் செருகியிருக்கிறது, கையால் மட்டும் தள்ளுகிறாள். "வேணாம், அது வூட்டுக்கு" என்றாள்.

"கெங்கம்மா, நீதான்டி வூடு! குடி!" என்று சீனியம்மாள் அக்கா கத்தினார்கள். மூக்கைப் பிடித்து ஊற்றினார்கள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் அம்மாவைக் கேட்டார், காலையிலிருந்து எவ்வளவு தண்ணீர் குடித்தீர்கள் என்று. அம்மாவுக்கு யோசிக்க வேண்டியிருந்தது. ஒரு டீ என்றாள். மூத்திரம் என்ன நிறம் என்றும் கேட்டார். அம்மா வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னாள். டிக்காஷன் என்று சொல்லவில்லை, ஆனால் நீ எழுதியது அதேதான். நர்ஸ் என்னைப் பார்த்து, "குடத்துல கீற தண்ணி உங்கம்மாவ காப்பாத்துமா பாப்பா? வயித்துல கீற தண்ணிதான் காப்பாத்தும்" என்றார்.

அந்த நேரம் நான் அம்மாவை நினைக்கவில்லை, உன்னைத்தான் நினைத்தேன். நம் வீட்டில் தண்ணீரைச் சேர்த்து வைக்கத் தெரியும், யாருக்கும் குடிக்கத் தெரியாது. அதை உனக்குச் சட்டமாக எழுதி அனுப்பியிருக்கிறேன்.

நிர்மலுக்கு அப்புறம் உள்ள எண்பதுக்கு இதுதான் கணக்கு. நிர்மலில் கேன், இரண்டு பாட்டில், இன்னும் இரண்டு பாட்டில் வாங்கி நிரப்பு. கிளம்பும் முன்பே ஒரு லிட்டர் குடித்துவிட்டுக் கிளம்பு. பதினைந்து நிமிஷத்துக்கு ஒருமுறை நாலு மடக்கு, தாகம் இருக்கிறதோ இல்லையோ. மலை ஏறும் இடத்தில் இறங்கித் தள்ளு. அட்லஸில் அங்கே நீலக்கோடுகள் இருக்கின்றன, அவற்றை நம்பாதே. வறண்டு கிடக்கிற நம் புழல் ஏரிகூட அட்லஸில் நீலமாகத்தான் இருக்கிறது. பாதி வழியில் தண்ணீர் முடிந்துவிட்டால் சாலையில் நின்று லாரியைக் கை காட்டு. வெட்கப்படாதே.

இது ஒன்பதாம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும். நாளைக் காலை முதல் தபால் எடுப்புக்கு முன்னாலேயே போட மோகனாவிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

அம்மா இப்போது பரவாயில்லை. அப்பா அன்று முழுக்க அம்மா பக்கத்திலேயே இருந்தார். ஆனால் இன்று காலை கடைசிக் குடத்தின் மூடி மேல் மறுபடி சொம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

யசோதரா


நிர்மல்
9.4.2004

யசோ,

இன்று புனித வெள்ளியாம். போஸ்ட் ஆபீஸ் பூட்டு. வாட்ச்மேனிடம் ஜாடையில் கெஞ்சினேன். அவர் நாளைக் காலை பத்து மணி என்று விரலைக் காட்டினார். உன் கணக்கு அந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கிறது, எனக்கு முப்பது அடி தூரத்தில்.

பத்து மணி வரை காத்திருந்தால் மலையை வெயிலில் ஏற வேண்டும், இல்லையென்றால் ஒரு நாள் போய்விடும். ஹைதராபாதில் டயர் கிழிந்து ஏற்கெனவே ஒரு நாள் ஓய்வைத் தின்றுவிட்டது. பதினாலாம் தேதி காலையில் நாக்பூரில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். விடியும் முன் கிளம்புகிறேன். பழைய கணக்கே போதும், அது இதுவரை பொய்க்கவில்லை.

கோதாவரிப் பாலத்தில் நின்று பார்த்தேன். அவ்வளவு பெரிய ஆற்றில் மணலும், நடுவில் ஒரு எருமை நனைகிற அளவு தண்ணீரும். எண்ணூர் கழிமுகத்தில்கூட இதைவிட அதிகம் இருக்கும், என்ன, கலீஜாக இருக்கும்.

உருண்டை பதினாலு மிச்சம். வாந்தி வருகிற மாதிரி இருப்பதால் இரண்டு நாளாகத் தின்னவில்லை. கேனில் ஒரு கீறல், வழி முழுக்கச் சொட்டியது, மெழுகை உருக்கி அடைத்திருக்கிறேன். பாட்டில் இரண்டும் நிறைந்திருக்கின்றன. ஒன்றில் நம்ம வூட்டுத் தண்ணீர், இன்னும் அப்படியே.

நிலவன் வந்திருந்தால் இந்நேரம் பாடிக்கொண்டிருப்பான். அவனைத் திட்ட வேண்டும் போலவும் இருக்கிறது, அவன் பக்கத்தில் இருந்தால் நன்றாக இருக்கும் போலவும் இருக்கிறது.

அறிவு


வியாசர்பாடி
15.4.2004, வியாழன் இரவு

அண்ணா,

இதை நாக்பூர் போஸ்ட் ஆபீஸுக்கு எழுதுகிறேன். அங்கே இதை வாங்க ஆள் இருக்கிறதா என்று தெரியாமல் எழுதுகிறேன்.

பரீட்சை முடிந்துவிட்டது. மோகனாவைப் பார்க்கக் காரணம் இல்லை. அட்லஸைப் பள்ளிக்கூடத்தில் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு இன்று காசிமேட்டுக்கு நடந்தேன். நீ நிர்மலிலிருந்து போட்டது அங்கே இருந்தது. மீன் ஏலக் கூடத்துக்கு வெளியே ஐஸ் லாரிக்குப் பக்கத்தில் நின்று படித்தேன். "பழைய கணக்கே போதும்" என்று எழுதியிருக்கிறாய்.

ஏன் காத்திருக்கவில்லை? ஒரு நாள். ஒரு நாள் பொறுத்திருந்தால் என்ன?

நேற்று தெருவில் பாபாசாகேப் சிலைக்கு மாலை போட்டார்கள், பறை அடித்தார்கள், நீலக்கொடி கட்டினார்கள். அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். யாரோ அவரிடம், "கிருஷ்ணப்பா, புள்ள இந்நேரம் நாக்பூர்ல கீறானாமே, போன் வந்துதா?" என்று கேட்டார்கள். அப்பா, "எந்தப் புள்ள?" என்றார். ஆனால் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றாமல் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். கடைத்தெரு எஸ்.டி.டி. பூத்தில் நம் ஆட்களுக்கெல்லாம் போன் வருகிறது. நீ ஏன் பண்ணவில்லை? அப்பா காதுக்குப் போகும் என்று பயந்தா? போகட்டுமே. போனால் போகிறது.

நூலை நிர்மலில் வைக்கிறேன், ஆதிலாபாதில் வைக்கிறேன். இரண்டு சென்டிமீட்டர். இரண்டு சென்டிமீட்டரைத் தாண்ட முடியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

நாளைக்குள் எதுவும் வராவிட்டால் அப்பாவை எழுப்பி எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். இதை இங்கே எழுதி வைக்கிறேன், பின்வாங்காமல் இருப்பதற்காக.

யசோதரா


நாக்பூர்
16.4.2004

யசோ,

உயிரோடு இருக்கிறேன். இதை முதலில் எழுதிவிட்டேன், இனி மெதுவாக எழுதலாம்.

பத்தாம் தேதி மெழுகு வெயிலில் இளகிக் கேன் முழுக்க ஒழுகிவிட்டது, எட்டு மணிக்கு முன்பே. மலையில் ஏறினேன். முதல் பாட்டிலில் கொஞ்சம் கொஞ்சமாக உதட்டை நனைத்தேன், அதையும் பாதியோடு நிறுத்திவிட்டேன், அடுத்த ஊர் தெரியட்டும் என்று. அடுத்த ஊர் தெரியவில்லை. உன் பழைய கணக்கில் ஓடை என்று நீ குறித்த இடத்தில் கல் மட்டும் இருந்தது. அதற்கப்புறம் வியர்வை நின்றுவிட்டது. குளிர்ந்தது, யசோ. அந்த வெயிலில் எனக்குக் குளிர் எடுத்தது. சைக்கிள் நேராகத்தான் போகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன், பார்த்தால் நான் தேக்கு மரத்தடியில் கிடக்கிறேன்.

சங்ககிரி லாரி ஒன்று நின்றது. டிரைவர் என் தலையை மடியில் வைத்துக்கொண்டு தன் தண்ணீரை ஊற்றினார். நான் கண்ணைத் திறந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "ஏந் தம்பி, கேரியர்ல ஒரு பாட்டலு ரொம்பிக் கெடக்குது, இன்னொண்ணுல பாதி கெடக்குது. யாருக்குக் கொண்டுட்டுப் போறே?"

யாருக்குக் கொண்டுபோனேன்?

அவர்தான் என்னையும் சைக்கிளையும் லாரியில் ஏற்றிப் போய் ஆதிலாபாத் ஆஸ்பத்திரியில் சேர்த்தார், அங்கே இரண்டு நாள் படுத்திருந்தேன். அதனால்தான் போன் இல்லை, எழுத்தும் இல்லை, கையில் ஊசி குத்தியிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் இறக்கும்போதே டிரைவர், லாரியிலேயே நாக்பூர் வரை வா என்றார். வந்திருந்தால் நேரத்துக்கு வந்திருப்பேன். சைக்கிளிலேயே வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். நேற்று சாயங்காலம்தான் வந்து சேர்ந்தேன். ஒரு நாள் தாமதம். பாபாசாகேப் பௌத்தம் தழுவிய தீட்சாபூமியில் காகிதத் தட்டுகளையும் பூவையும் பெருக்கிக் குவித்துக்கொண்டிருந்தார்கள். கூட்டம் இல்லை. ஸ்தூபியைச் சுற்றி வந்து, குழாயடியில் உட்கார்ந்து வயிறு முட்டக் குடித்தேன். அப்புறம் நம்ம வூட்டுத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அதையும் குடித்தேன். இருபது நாள் பழையது, பிளாஸ்டிக் நாற்றம். ஒரு சொட்டு விடவில்லை.

நீ இதற்கு அழுவாய் என்று தெரியும். அழாதே. அந்தச் சட்டம் உன்னுடையது இல்லை. அதை எழுதியது மட்டும்தான் நீ.

எனக்கு இப்போது அம்மாவை நினைத்துத்தான் பயம். அவள் காலையில் இருந்து வாயில் ஒன்றும் ஊற்றாமல் வரிசையில் நிற்பவள். இதைப் படித்ததும் போய்க் கடைசிக் குடத்தைத் திற. அம்மாவுக்கு இரண்டு டம்ளர் கொடு. அப்பா அடித்தால் வாங்கிக்கொள்.

இங்கே பௌத்த விஹாரில் தங்க இடம் கொடுத்திருக்கிறார்கள். கவரில் உள்ள விலாசத்துக்கு எழுது.

அறிவு


வியாசர்பாடி
20.4.2004, செவ்வாய் இரவு

அண்ணா,

பதினாறாம் தேதி நான் அப்பாவை எழுப்பவில்லை. பதினேழாம் தேதியும் எழுப்பவில்லை. இரண்டு முறை பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டு எழுந்து வந்தேன். எழுதி வைத்தும் பின்வாங்கினேன்.

இன்று மத்தியானம் அப்பா வீட்டில் இருந்தார். துறைமுகத்தில் கப்பல் இல்லாததால் அவருக்கு வேலை இல்லை. நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். கீழேயிருந்து நீலாக்காவின் குரல், தலையில் மீன் கூடையோடு, மூன்று மாடிக்கும் கேட்கிற மாதிரி: "ஏ யசோ! மோகனா அத்த வூட்டுக்குப் பூட்டா. உங்கண்ணன் லெட்டரு வந்துகீது, வாங்கிகினு போ!"

நான் ஈரக் கையோடு எழுந்தேன். அப்பாதான் இறங்கிப் போனார். வரும்போது கடிதத்தை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு வந்தார். பிரிக்கவில்லை. என் முன்னால் நீட்டினார்.

"படி."

படித்தேன். "உயிரோடு இருக்கிறேன்" என்றதும் அம்மா அடுப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அப்பா நின்றுகொண்டேதான் இருந்தார். டிரைவர் கேட்ட கேள்விக்கு வந்ததும், "இன்னொரு வாட்டி படி" என்றார். இன்னொரு முறை படித்தேன்.

"யாரு சொன்னது கடைசி பாட்டில தொடாதன்னு?"

"நான்தாம்பா. கணக்குப் போட்டது நான்."

"ஒனக்கு யாரு சொன்னது?"

நானும் அம்மாவும் கடைசிக் குடத்தைப் பார்த்தோம், வேண்டுமென்று பார்க்கவில்லை, கண் அங்கே போய்விட்டது. அப்பாவும் பார்த்தார்.

போய் அதன் மேலிருந்த சொம்பை எடுத்தார். மூடியைத் திறந்து மொண்டு அம்மாவிடம் நீட்டினார்.

"லாரி நாளைக்குத்தான்" என்றாள் அம்மா.

"தெரியும், குடி."

அம்மா குடித்தாள். எனக்குக் கொடுத்தார், குடித்தேன். அப்புறம் தானும் குடித்தார், அண்ணாந்து, சட்டையெல்லாம் நனைய. உன் கடிதத்தில் ஒரு மூலை நனைந்துவிட்டது.

பிறகு என்னிடம், "அங்கருந்து இங்க எத்தினி கிலோமீட்டரு?" என்றார். அட்லஸை எடுத்தேன், அது பையிலேயேதான் இருந்தது. நூலை வைத்துக் காட்டினேன். நூல் நழுவியது. அப்பா சென்னை முனையைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். நாக்பூர் முனையை நான் பிடித்துக்கொண்டேன். மலை எது என்று கேட்டார், காட்டினேன். திரும்பியும் சைக்கிளில்தான் வருவானா என்றார். தெரியாது என்றேன்.

"பரசுராமன் கைல பேசிப் பாக்கணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். என் பக்கம் திரும்பி, "நான் கேட்டேன்னு எழுதாத" என்றார்.

அதனால் இதையும் ஒளித்துத்தான் எழுதுகிறேன். ரயிலில் வா, அண்ணா. சைக்கிளில்தான் வருவாய் என்றால் நான் ஐந்தாம் தேதி போட்ட கடிதம் நிர்மல் போஸ்ட் ஆபீஸில் உன் பெயருக்குக் காத்திருக்கிறது. நீ மலை இறங்கிய பிறகுதான் அது கையில் வரும், அதனால் இங்கேயே சொல்கிறேன்: தாகம் எடுக்கும் முன்பே குடி, கடைசி பாட்டிலையும் குடி.

அப்பா இப்போது இரண்டு முறை இருமினார். அது தூங்குகிறவர் இருமல் இல்லை. ஆனால் விளக்கை அணைக்கச் சொல்லவில்லை.

யசோதரா